ஒளியால் கட்டும் ஒட்டு

ஒரு பொருளின் உட்பகுதி ஒன்று. அதன் மேற்பரப்பு மற்றொன்று. பாரத்தைத் தாங்குவதும் வடிவத்தைக் காப்பதும் உட்பகுதியின் வேலை. நீரில் நனைவதும் நனையாதிருப்பதும், சாயத்தை ஏற்பதும் மறுப்பதும், உராய்வதும் வழுக்குவதும், கிருமிக்கு இடங்கொடுப்பதும் கொடாததும் மேற்பரப்பின் குணங்கள். இவ்விரண்டும் நமக்கு வேண்டியவாறு ஒரே பொருளில் அமைவது அரிது. பாலிதீனை எடுத்துக்கொள்வோம். அது மலிவானது, இலேசானது, துருப்பிடிக்காதது. ஆனால் அதன்மீது நீர் பரவாது, முத்து முத்தாக நிற்கும், மை பதியாது, பசை பிடிக்காது. இக்குறைக்காகப் பாலிதீனையே கைவிட்டு விலையுயர்ந்த வேறொன்றைத் தேடவேண்டுவதில்லை. மேற்பரப்பில் மட்டும், மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு கனத்திற்கு, வேறொரு பாலிமரை அமைத்துவிட்டால் போதும்.

அமைக்கும் முறைகள் பலவாயினும் அவற்றை இரண்டு வகையில் அடக்கலாம். ஒன்று பூசுதல், மற்றொன்று பிணைத்தல். மாஞ்செடியில் நெருக்கு ஒட்டுக் கட்டும் தோட்டக்காரர், வேர்ச்செடியின் பட்டையையும் தாய்மரக் கிளையின் பட்டையையும் சீவி, பச்சையோடு பச்சை படும்படி சேர்த்துக் கட்டுகிறார். உரிய காலம் கழித்துக் கட்டை அவிழ்த்தாலும் ஒட்டு நிற்கிறது. சீவாமல் வெறுமனே கயிற்றால் சேர்த்துக் கட்டியதும் பார்வைக்கு அவ்வாறே தோன்றும். கயிறு அறுந்த அன்று பிரிந்து விழும். பாலிமர் இரசாயனத்திலும் இதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். ஒரு பரப்பின்மீது பாலிமர்ச் சங்கிலிகளைப் பசையால் அல்லாமல் இரசாயனப் பிணைப்பால் இணைப்பதற்கு ஒட்டுக் கட்டுதல் என்று பெயர். அப்பிணைப்பை ஒளியைக் கொண்டு உண்டாக்கும் முறையைப் பற்றியும், பூச்சையும் ஒட்டையும் பிரித்தறிவதில் நாம் காட்டிவரும் அலட்சியத்தைப் பற்றியுமே இங்கு எழுதக் கருதுகிறேன்.

அலட்சியம் என்ற சொல் கடுமையாகத் தோன்றலாம். பசுமைக் குடில்களைப் பார்வையிடும் விரிவாக்க அலுவலர்கள் அதைக் கடுமையென்று சொல்லமாட்டார்கள். விடியற்காலையில் குடிலின் கூரையில் உட்புறமாக ஈரம் திரள்கிறது. சாதாரணப் பாலிதீன் தாளில் அது துளிகளாக நின்று வெளிச்சத்தைத் தடுக்கிறது. பின்னர்ச் செடிகளின்மீது சொட்டிப் பூஞ்சை நோய்க்கு வழிசெய்கிறது. இதைத் தவிர்ப்பதற்காகச் சொட்டாத தாள் என ஒருவகை விற்கப்படுகிறது. சோப்பைப் போன்ற தன்மையுள்ள ஒரு பொருளைப் பாலிதீனுடன் உருக்கிக் கலந்து அதைச் செய்கிறார்கள். அப்பொருள் மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்துவந்து, ஈரத்தைத் துளியாக நிற்கவிடாமல் மெல்லிய ஏடாகப் பரப்புகிறது. பரவிய நீர் கூரைச் சரிவில் வழிந்து ஓரத்திற்கு வந்துவிடும். யோசனை நன்றே. ஆயினும் வழிந்துவரும் நீரே அப்பொருளையும் கழுவிக்கொண்டு வருகிறது! தாள் கிழியாமல் இன்னும் உழைக்கும் நிலையில் இருக்க, சொட்டாத குணம் மட்டும் முன்னதாகவே போய்விடுகிறது. அரசாங்க மானியத்துடன் குடில் அமைத்த விவசாயி தாளைக் குறைகூறுகிறார். விற்றவர் பராமரிப்பைக் குறைகூறுகிறார். அந்தப் பொருளைத் தாளோடு பிடித்து வைத்திருந்தது எது என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை.

பிடித்து வைப்பது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பாலிதீனில் பற்றிக்கொள்வதற்குப் பிடி ஏதும் இல்லை. கார்பன், அதன்மீது ஹைட்ரஜன், நெடுகவும் அவ்வளவே. சாதாரண இரசாயனப் பொருள்கள் எவையும் அதைத் தீண்டுவதில்லை. பென்சோபீனோன் என்ற வெண்ணிறப் படிகப் பொருள் இங்கே உதவிக்கு வருகிறது. ஏறத்தாழ 350 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி அதன்மீது விழுந்ததும் (ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சம் நானோமீட்டர் அடங்கும்) அதன் மூலக்கூறு கிளர்ச்சியுற்று, தன் ஆக்ஸிஜன் அணுவால் அருகிலுள்ள கார்பனிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்கிறது. பறிகொடுத்த கார்பனில் ஓர் எலெக்ட்ரான் இணையின்றி நிற்கும். இவ்வாறு இணையற்ற எலெக்ட்ரானைத் தாங்கியிருப்பதையே ராடிகல் என்கிறோம். அது வெகுநேரம் தனித்திராது. பக்கத்தில் அக்ரிலிக் அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகள் இருப்பின் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு நீண்ட சங்கிலியாக வளர்ந்துவிடும். சங்கிலியின் அடிமுனை பாலிதீனிலேயே வேரூன்றியிருக்கும்.

இது பரப்பிலிருந்து சங்கிலியை வளர்க்கும் வழி. வேறொரு வழியும் உண்டு. பென்சோபீனோனை முதலில் பரப்பின்மீது நிலையாகப் பொருத்திவிட்டு, முன்னரே ஆயத்தம் செய்த பாலிமரை அதன்மீது மெல்லிய படலமாகப் பரப்பி, ஒளியைப் பாய்ச்சலாம். அப்போது ஹைட்ரஜனைப் பறிகொடுப்பது மேலே கிடக்கும் பாலிமர்ச் சங்கிலி. பறித்ததும் பறிகொடுத்ததும் ஆகிய இரண்டு ராடிகல்களும் ஒன்றோடொன்று சேர்ந்து பிணைப்பாகின்றன. பாலிமர் எதுவாயினும் அதில் கார்பனோடு சேர்ந்த ஹைட்ரஜன் இருந்தால் பெரும்பாலும் போதும். தனிப்பட்ட பிடி எதையும் அதில் அமைக்கவேண்டியதில்லை.

பென்சோபீனோனுக்கு நான் பெரிதும் மதிக்கும் ஒரு குணம் உண்டு. பறிக்கத்தக்க ஹைட்ரஜன் அருகில் இல்லையெனில் அது கெட்டுப்போவதில்லை. பழைய நிலைக்குத் திரும்பி, மறுபடி ஒளி பட்டதும் மறுபடி முயல்கிறது. இதே வேலைக்கு உபயோகமாகும் அசைடு வகைப் பொருள்களோ ஒளி பட்டதும் நைட்ரஜன் வாயுவை இழந்துவிடும். அந்த ஒரு வாய்ப்பு வீணானால் வீணானதுதான்.

இவ்வித்தை நேற்று வந்ததன்று. சூரிய வெளிச்சத்தில் ஆல்கஹாலோடு சேர்ந்து பென்சோபீனோன் மாறுதலடைவதை இத்தாலியின் போலோன்யா நகரில் சாமிசான், சில்பர் என்ற இருவர் 1900ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்தனர். கண்ணாடிக் குடுவைகளை மாடத்தில் வெயிலில் வரிசையாக வைத்துக் காத்திருப்பதே அவர்களுடைய சோதனைமுறை. அதே சாமிசான் 1912இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையில், புகைக்கும் நிலக்கரிக்கும் பதிலாக ஒளியைக் கொண்டு இரசாயனத் தொழில் நடக்கும் காலத்தை முன்கூட்டிப் பேசினார். பின்னர், புரூக்ளினில் ஜெரால்டு ஆஸ்டரும் ஷிபாட்டாவும் இயற்கை ரப்பரின்மீது புற ஊதா ஒளியால் அக்ரிலமைடுச் சங்கிலிகளை ஒட்டுக் கட்டியதை 1957இல் வெளியிட்டனர். ஒளியால் பாலிமர்களை வளர்க்கும் ஆராய்ச்சியில் நம்மவர் பங்கும் உண்டு. மான்செஸ்டரில் எவான்ஸ், யூரி என்பவர்களுடன் இணைந்து எம். சாந்தப்பா 1951இல் இத்துறையில் எழுதினார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து மாணவர் பலரை இதில் ஈடுபடுத்தினார். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒளியின் உதவியின்றி, சீரியம் உப்புகளைக் கொண்டு, தோலின் கொலாஜன்மீது பாலிமர்களை ஒட்டுக் கட்டினார்கள். ஆக, ஒட்டு என்பது நம் ஆராய்ச்சிக்கூடங்களுக்குப் புதிய சொல்லன்று. நம் வகுப்பறைகளுக்கும் கொள்முதல் படிவங்களுக்குமே அது புதிது.

ஒட்டின் மதிப்பை நன்கு விளக்குவது இடுப்பு மூட்டின் கதை. தேய்ந்த மூட்டுக்குப் பதிலாகச் செயற்கை மூட்டைப் பொருத்தும் சிகிச்சையைச் செம்மைப்படுத்தியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. முதலில் அவர் டெஃப்லானால் கிண்ணம் செய்தார். அது மிகவும் வழுக்கும் பொருளாதலால் பொருத்தமென்று கருதினார். ஓரிரண்டு ஆண்டுகளில் அது தேய்ந்து, தேய்ந்த துகள் சுற்றியுள்ள தசையை நலிவித்தது. ஐயம் தீர்வதற்காக அத்துகளைத் தம் தொடையிலேயே செலுத்திப் பார்த்து, விளைந்ததை 1963இல் எழுதினார். அதற்கு முந்திய ஆண்டாகிய 1962இலேயே மிக நீண்ட சங்கிலிகளைக் கொண்ட பாலிதீனுக்கு அவர் மாறியிருந்தார். இன்றும் பெரும்பாலான கிண்ணங்கள் அவ்வகைப் பாலிதீனால் ஆனவையே.

ஆனால் பாலிதீனும் தேய்கிறது. நுண்ணிய துகளை உடலின் வெள்ளையணுக்கள் விழுங்கி, செரிக்க முடியாமல், எலும்பைக் கரைக்கும் நிகழ்ச்சிகளைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு கரைந்தால் மூட்டு தளர்கிறது. முதிர்ந்த வயதில் நோயாளி மற்றுமொரு அறுவைக்கு உட்படவேண்டி வருகிறது. இதற்கு ஜப்பானில் கண்ட மாற்று, கிண்ணத்தின் பொருளை மாற்றுவதன்று. அதன் தோலை மாற்றுவது. நம் உயிரணுக்களின் புறச்சவ்விலுள்ள பாஸ்போலிப்பிடை ஒத்த தலைப்பகுதியைக் கொண்ட எம்.பி.சி. என்னும் பொருளைத் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் காசுஹிக்கோ இஷிஹாரா நெடுங்காலம் ஆராய்ந்துவந்தார். கிண்ணத்தைப் பென்சோபீனோன் கரைசலில் தோய்த்து உலர்த்தி, எம்.பி.சி. கரைந்த நீரில் அமிழ்த்தி, புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். பாலிதீனின்மீது ஏறத்தாழ 100 நானோமீட்டர் கனத்தில் நீரை விரும்பும் சங்கிலிகள் அடர்ந்து வளர்ந்தன. மூட்டிலுள்ள நீரை அச்சங்கிலிகள் பிடித்துவைத்துக்கொள்வதால், இயற்கைக் குருத்தெலும்பில் உள்ளதுபோலவே நீரே மசகாகிறது. மோரோ, தகட்டோரி, இஷிஹாரா முதலியோர் 2004இல் இதன் முடிவுகளை வெளியிட்டனர். 2011இல் ஜப்பானில் இம்மூட்டு நோயாளிகளுக்குப் பொருத்த அனுமதிக்கப்பட்டது.

இதே எம்.பி.சி.யைக் கிண்ணத்தின்மீது வெறுமனே பூசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நடக்கும்போது உடல் எடையைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட பாரம் அம்மூட்டின்மீது விழுகிறது. ஓர் ஆண்டில் ஏறத்தாழப் பத்து இலட்சம் முறை விழுகிறது. நீரில் கரையும் பூச்சு ஒன்று அங்கே எத்தனை நாள் நிற்கும் என்று வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

ஆராய்ச்சியாளர் இதை எவ்வாறு உறுதிசெய்கிறார்கள் என்பதைக் களப்பணியாளர் அறிந்துகொள்வது அவசியம். புருக்கர், ரூஹே ஆகியோரும் அவர்தம் தோழர்களும் 1999இல் வெளியிட்ட கட்டுரையொன்று இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டுவது. கண்ணாடியை ஒத்த பரப்பின்மீது பென்சோபீனோனை ஒற்றை மூலக்கூறு அடுக்காகப் பொருத்தி, அதன்மேல் பாலிஸ்டைரீன் போன்ற பாலிமரைப் பரப்பி, ஒளியூட்டினார்கள். அத்துடன் அளவெடுத்துவிடவில்லை. அப்பாலிமரைக் கரைக்கவல்ல திரவத்தால் நன்கு கழுவி, பிணையாதவை யாவும் போனபின் எஞ்சியதையே அளந்தார்கள். எஞ்சியது சில நானோமீட்டர் கனமே. பரப்பியது அதைவிடப் பன்மடங்கு. நேர்மையான கணக்கு என்பது எஞ்சியதன் கணக்கு. நம் சந்தையிலோ, பரப்பியதன் கணக்கே விளம்பரத்தில் வருகிறது.

நீர் வடிக்கும் சவ்வுகளிலும் இதுவே நிலைமை. பாலிஈதர்சல்போன் சவ்வுகள் உறுதியானவை, ஆனால் புரதமும் சேறும் அவற்றில் எளிதில் படிந்து துளைகளை அடைத்துவிடும். அமெரிக்காவில் யமகிஷி, கிரிவெல்லோ, பெல்ஃபோர்ட் என்ற மூவர் 1995இல் ஒரு வசதியைக் கண்டு எழுதினர்: இந்தச் சவ்வே புற ஊதா ஒளியை உட்கொண்டு ராடிகல்களைத் தருவதால், பென்சோபீனோன் கூட வேண்டியதில்லை. ஆனால் ஒளி அளவுக்கு மிஞ்சினால் சவ்வின் சங்கிலிகள் அறுந்து துளைகள் பெரிதாகி, வடிக்கவேண்டியதை வடிக்காமல் விட்டுவிடும்.

வேறு முறைகள் இல்லையா என்று கேட்கலாம். மின்பொறியைப் பாய்ச்சிப் பாலிதீனை மை ஏற்கச் செய்யும் வழக்கம் அச்சுத் தொழிலில் நெடுநாளாக உண்டு. அது மலிவானது, ஆனால் நாளடைவில் சங்கிலிகள் உட்புறமாகத் திரும்பிக்கொள்வதால் பலன் மங்கிவிடும். கோபால்ட்-60 உமிழும் காமாக் கதிரால் ஒட்டுக் கட்டுவதில் டிராம்பே ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தவர்கள். அது சிறந்த முறையே. எனினும் காமாக் கதிர் பொருளை ஊடுருவிச் செல்வதால் உட்பகுதியையும் மாற்றுகிறது. அதற்கு வேண்டும் கதிர்மூலத்தையும் கனத்த சுவர்களையும் மாவட்டந்தோறும் அமைக்க இயலாது. ஒளிக்கு விளக்கும் நீர்த்தொட்டியும் போதும். ஸ்டாக்ஹோமில் பெங்ட் ரோன்பியின் குழுவினர் பாலிமர்த் தாளை ஓடவிட்டுக்கொண்டே ஒளியூட்டும் முறையை வகுத்தனர். யாங் வான்தாய் என்பவரும் அவரும் 1996இல் விளக்கிய முறை இன்னும் எளியது: இரண்டு தாள்களுக்கு நடுவே திரவத்தை மெல்லிய ஏடாக அடக்கி ஒளியூட்டுவது. காற்றின் ஆக்ஸிஜன் ராடிகல்களை விழுங்கிவிடுமாதலால் அதை விலக்கவேண்டும். மேலும் கீழும் உள்ள தாள்களே அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. சிறுதொழிற்கூடத்தின் சக்திக்கு உட்பட்டது இது என்பதே என் கருத்து. சொட்டாத தாளில் இதைச் செய்தால் விலை எவ்வளவு ஏறும், ஆயுள் எவ்வளவு கூடும் என்று நம் விவசாயப் பல்கலைக்கழகங்கள் கணக்கிட்டுச் சொல்லவேண்டும். ஒட்டும் சிரஞ்சீவியன்று; திறந்தவெளியில் வெயில் அதையும் மெல்லச் சிதைக்கும் என்பதையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

அபாயங்களை மறைப்பது நல்லதன்று. புற ஊதா ஒளி கண்ணுக்கும் தோலுக்கும் தீங்கு செய்யும். காப்புக் கண்ணாடியின்றி விளக்கை ஏற்றுதல் கூடாது. அக்ரிலமைடு நரம்பைத் தாக்கும் நஞ்சு. அக்ரிலிக் அமிலம் தோலைப் பொசுக்கும். ஒட்டில் சேராமல் மிஞ்சியவை முற்றும் கழுவப்பட்டாலன்றி அப்பொருள் உணவின் பக்கமோ குடிநீரின் பக்கமோ வரக்கூடாது. பென்சோபீனோனையே புற்றுநோய் விளைவிக்கக் கூடியவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிறது. 2009இல் ஐரோப்பாவில் சில தானிய உணவுகளில் பென்சோபீனோனின் உறவுப்பொருள் ஒன்று காணப்பட்டது. அட்டைப் பெட்டியில் அச்சிட்ட மையிலிருந்து அது கசிந்திருந்தது. தவிர, ஒளி நேர்க்கோட்டில் செல்வது. வளைந்த குழாயின் உட்புறத்தையும் நிழல் விழும் மூலைகளையும் அது எட்டாது. பாதரச விளக்குகளைப் பொறுத்தவரை, பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றுக்கொண்டுவிட்டது. 365 நானோமீட்டரில் ஒளிரும் எல்.இ.டி. விளக்குகள் கிடைப்பதால், புதிதாகத் தொடங்குவோர் பாதரசத்தை நாடவேண்டிய காரணம் அநேகமாக இல்லை.

இனி ஆசிரியர்களுக்கு. நம் பாடங்களில் ஒளி என்பது பௌதிகத்தின் சொத்து. இரசாயனத்தில் அது ஓரிரு வரிகளில் தலைகாட்டி மறைந்துவிடும். வெப்பத்தைப் போலவே ஒளியும் வினையை நடத்தும் என்பதைக் கண்ணால் காட்ட, கல்லூரி ஆய்வுக்கூடத்திற்கு ஏற்ற பழைய பரிசோதனை ஒன்று உண்டு. பென்சோபீனோனை ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் கரைத்து, ஒரு துளி அசெட்டிக் அமிலம் சேர்த்து, காற்றுக்கு இடமில்லாதபடி சோதனைக் குழாயைக் கழுத்துவரை நிரப்பி மூடி, வெயிலில் வைக்கவேண்டும். அமிலத் துளி எதற்கெனில், கண்ணாடியிலிருந்து கரையும் சிறிதளவு காரமும் விளைபொருளைச் சிதைத்துவிடும். அதேபோன்ற மற்றொரு குழாயைக் கறுப்புக் காகிதத்தால் சுற்றிப் பக்கத்திலேயே வைக்கவேண்டும். சில நாள்களில் முதற் குழாயில் பென்சோபினகால் படிகங்கள் தோன்றும். இரண்டாவதில் ஒன்றும் தோன்றாது. இரண்டும் பட்ட வெயிற்சூடு ஏறத்தாழ ஒன்றே (கறுத்த குழாய் சற்று அதிகமாகவே சூடேறியிருக்கும்). ஹைட்ரஜனைப் பறிக்கும் அதே செயல்தான் ஜப்பானியக் கிண்ணத்தில் நடந்தது என்று சொல்லிப் பாடத்தைத் தொடரலாம். ஆல்கஹால் தீப்பற்றும் பொருளாதலால் நெருப்பை அண்டவிடக்கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. விளக்குக்குச் செலவிட மேலைநாட்டார் காட்டும் தயக்கத்தையும் நாம் காட்டவேண்டியதில்லை. வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

களப்பணியாளருக்கு இதைவிட எளிய சோதனை உண்டு. நீர் பரவும் என்று சொல்லி விற்கப்படும் தாளிலிருந்து உள்ளங்கையளவில் இரண்டு துண்டுகள் நறுக்கிக்கொள்ளவேண்டும். ஒன்றை அப்படியே வைத்துவிட்டு, மற்றதை ஒருநாள் முழுதும் வெந்நீரில் ஊறவைத்து, நீரை நான்கைந்து முறை மாற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து உலர்த்தவேண்டும். இரண்டின்மீதும் மருந்துச் சொட்டுக்குழலால் ஒவ்வொரு துளி நீர் விட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் போதும். கழுவிய துண்டில் துளி முத்தாகத் திரண்டு நின்றால், அங்கே இருந்தது பூச்சு. கலவைப் பொருள் உள்ளிருந்து மறுபடி கசிந்துவந்து ஏமாற்றக்கூடுமாதலால், ஒருவார இடைவெளியில் இதையே மூன்று நான்கு முறை திருப்பிச் செய்வது நலம். அமிலச் சங்கிலிகளை ஒட்டுக் கட்டியதாகச் சொல்லப்படும் பரப்புக்கு மெத்திலீன் நீலச் சாயம் உதவும். முதலில் கழுவி, பின்னர்ச் சாயத்தில் தோய்த்து, மறுபடி நீரில் அலசினால், பிணைந்த சங்கிலிகள் உள்ள இடம் மட்டும் நீலமாக நிற்கும். கழுவாமல் சாயமேற்றினால் பூச்சும் நீலமாகத்தான் தெரியும், இவ்வரிசையை மாற்றலாகாது.

கொள்முதல் விதிகளை வகுக்கும் அலுவலகங்களிடம் கேட்பது ஒன்றே. கூரைத் தாளாயினும், வடிகட்டிச் சவ்வாயினும், மருத்துவக் குழாயாயினும், அதன் மேற்பரப்பைப் பற்றிய குணம் எதையேனும் விற்பவர் குறிப்பிட்டால், எந்தத் திரவத்தில், எத்தனை மணி நேரம், என்ன வெப்பநிலையில் கழுவியபின் அக்குணம் அளக்கப்பட்டது என்பதை எழுத ஒப்பந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கவேண்டும். அக்கட்டத்தை வெறுமையாக விட்டு வரும் படிவத்தை விலை குறைவு என்ற காரணத்திற்காக ஏற்காமல் திருப்பியனுப்பும் அதிகாரமும், மேலே சொன்ன துளிச் சோதனையைச் சரக்கு இறங்கும் இடத்திலேயே செய்துபார்க்கும் அதிகாரமும் களத்திலுள்ள அலுவலருக்கு அளிக்கப்படவேண்டும்.